போத்தலரும் கிடங்குத் தெருவும்

இலங்கை முழுவதும் தேடினாலும், குண்டும் குழியுமான தெருவைக் கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் எங்கள் போத்தலர் ஒருவர்தான்.

பெயரைக் கேட்டுக் குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்த இளவட்டங்கள் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் சமையல்காரர் அவர். கள்ளை முகர்ந்தும் பாராதவர். அவருடைய போத்தலில் இருந்தது நல்லெண்ணெய், தேசிக்காய்ப் புளி, காட்டுத்தேன், உப்பு, மிளகுத்தூள். எல்லாம் சலாது என்கிற பச்சை இலைக் கலவைக்கு மேலே ஊற்றத்தான். கிணற்றடியில் தானே வளர்த்த சலாது இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டிச் சேர்த்து, வறுத்த கச்சான் கடலையைத் தூவுவார். பிறகு போத்தலைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கிடங்கும் பள்ளமுமான குளத்தடித் தெருவில் குலுங்கக் குலுங்க ஒரு சுற்றுப் போவார்.

"கையால குலுக்கினா என்னண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை களைச்சுப்போம் தம்பி. கிடங்கு களைக்காது."

அந்த நாளில் எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. பெண்ணின் தகப்பனுக்கோ, இந்தக் காட்டுக்குள் மகள் எதைச் சாப்பிடுவாள் என்ற பயம். நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று புறப்பட்டு வந்தார்.

"யோசியாதேங்கோ தம்பி. சலாதைச் சாப்பிட்ட கையோட பொம்பிளையைத் தந்திடுவார்" என்றார் போத்தலர்.

போத்தலோடு போனவர் தலையில் கைவைத்தபடி திரும்பி வந்தார்.

"தெருவுக்குத் தார் போட்டுக் கெடுத்துப்போட்டாங்கள் தம்பி! எண்ணெயும் புளியும் கோவிச்சுக்கொண்டு பிரிஞ்சு நிக்குது!"

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் சைக்கிளில் பறந்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் மேசையிலிருந்த பச்சை இலையை உற்றுப் பார்த்தார்.

"உதென்ன, ஆட்டுக்கோ?"

"ஓம்... இல்லை, எங்களுக்குத்தான்."

கலியாணம் கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் வாசலில் ஒரு சேற்று உருவம் தெரிந்தது. போத்தலை ஒரு கையில் பிடித்தபடி கரடுமுரடான வாய்க்கால் வரம்பில் சைக்கிள் ஓடி, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து எழும்பி வந்திருந்தார் போத்தலர். தலையிலிருந்து கால்வரை சேறு. உயர்த்திப் பிடித்த போத்தலில் மட்டும் ஒரு பொட்டுச் சேறில்லை. உள்ளே எல்லாம் ஒன்றாகி, மஞ்சளாய்த் திரண்டிருந்தது.

அதை ஊற்றிய சலாதைத் தகப்பனார் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விழேக்கையும் போத்தலை விடேல்லையோ?"

"அதை விட்டா தம்பியின்ரை கலியாணம் என்னாகிறது, ஐயா?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "உந்தாள் இருக்கிற இடத்தில என்ரை பிள்ளை பட்டினி கிடவாள். நல்ல நாளாப் பாருங்கோ."

இப்போதும் பஸ் கிடங்கில் விழுந்து எல்லாரும் சாரதியைத் திட்டும்போது, நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சலாதை நினைத்து எனக்கு வாய் ஊறும், கூடவே போத்தலரை நினைத்துக் கண்ணும் கலங்கும்.