மேலே மூன்று சாண், கீழே ஒரு சாண்

ஒரு மனிதன் நிம்மதியாக ஒரு சுருட்டுப் பிடிக்க இந்த உலகத்தில் இடம் இல்லை என்று தெரிந்த பிறகுதான், பஞ்சாயத்து போர்டு மெம்பர் சென்னிமலைக்குப் பொதுச் சுகாதாரத்தில் அக்கறை பிறந்தது.

சுருட்டை விட்டுவிட்டதாக அவர் திருச்செங்கோட்டு மலைமேல் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. செய்யச் சொன்னவள் மனைவி அத்தாயி. மார்கழி முழுக்க அவர் இருமிய இருமலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்பது அவள் கட்சி. அந்த எருமைக்குப் பிறவியிலேயே அந்தக் குணம் உண்டு என்பது அவர் கட்சி. வழக்கம்போல அவள் கட்சி ஜெயித்தது. சத்தியத்தை அவர் மூன்று நாள் காப்பாற்றினார். அதற்கு மேல் சாமியே எதிர்பார்த்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு இடம் தேடும் படலம் ஆரம்பித்தது. கம்பங்காட்டுக்குள் போய் உட்கார்ந்தார். குருவி ஓட்ட வந்தவள் கவண்கல்லை விட்டாள். நெற்றியில் புடைத்ததற்கு வீட்டில் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த நாள் செருப்பை மேட்டில் கழற்றிவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கிப் பதுங்கினார். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற வீரன் மேலேயிருந்து கூவினான்.

“ஏனுங் மெம்பர்! கெணத்துக்குள்ள என்னங்க பண்றீங்க?”

“நான்தான்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“செருப்பு மேல கெடக்குதுங்களே!”

தெரியத்தான் செய்யும். மெம்பர் ஆன அன்றே சேந்தமங்கலத்தில் அளவு கொடுத்துத் தைத்த செருப்பு அது. பெருவிரல் வளையம் சிவப்புத் தோல். கல்லாங்காட்டுப்பேட்டையில் அதற்கு இன்னொரு ஜோடி கிடையாது என்பதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. இனி எங்கே ஒளிந்தாலும் செருப்பை வெளியே விடக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானம் செய்துகொண்டார். அவர் புத்திசாலித்தனத்துக்கு இது ஒரு உதாரணம். இன்னும் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் படம் காட்டும் மாஜிக் லாந்தர் பெட்டியோடு ஊருக்கு வந்தார். வேட்டியைத் திரையாகக் கட்டிக் கொக்கிப்புழுவைக் காட்டினார். புழு மலைப்பாம்பு அளவுக்கு வந்து நின்றது. ஊரே அலறியது. சென்னிமலை அலறவில்லை. அவர் அடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பொதுக் கக்கூஸ். நாலு பக்கம் சுவர், ஒரு கதவு, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். உள்ளே போனவனை ஏன் போனாய், எவ்வளவு நேரம் இருப்பாய் என்று எந்தப் பெண்டாட்டியும் கேட்க முடியாது. அங்கே இருக்கிற வாடையில் சுருட்டு வாடை யாருக்குத் தெரியப்போகிறது? அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுவைப் பார்த்து மெம்பர் அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் உருகினார்கள்.

மறுநாள் காலையில் வீட்டில் பிரகடனம் செய்தார்.

“ஏ புள்ள, நம்ம சந்தைக்குக் கக்கூசு கொண்டாரப் போறேன்.”

சோளம் புடைத்துக்கொண்டிருந்த அத்தாயி முறத்தை நிறுத்தினாள்.

“நெசமாவாங்க?”

“பின்னே? சனங்க புழுவுல சாகறாங்க. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுதா?”

“போன மாசம் வரைக்கும் முடிஞ்சுதுங்களே?”

“அப்ப நான் படம் பார்க்கலை.”

அத்தாயி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கண் அவர் மடியில் கொஞ்சம் தங்கினாற்போல இருந்தது.

“பொம்பளைங்களுக்கும் உண்டுங்களா?”

“இல்லாமயா? ஆம்பளைங்க பக்கம் நாலு, பொம்பளைங்க பக்கம் ரெண்டு.”

“கதவோடயா?”

“ஆம்பளைங்க பக்கம் கதவு. உங்க பக்கம் ஓலைத்தட்டி. போர்டுல பலகை நாலு கதவுக்குத்தான் குடுப்பாங்க.”

“ஆடிக் காத்துல தட்டி நிக்குமுங்களா?”

“நின்னா நிக்கும்.”

“நிக்காட்டி?”

சென்னிமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அத்தாயி விடவில்லை.

“செவ்வாக்கெழமை சந்தைக்கு வர்ற பொம்பளைங்க விடியறதுக்கு முந்தி ஒரு வாய் தண்ணி குடிச்சா, அடுத்த வாய் பொழுது உழுந்துதானுங்க. தாகமில்லாமயா? ஒதுங்க எடமில்லை. மாரக்கா மாசமா இருக்கறவ. போன சந்தையில கத்திரிக்காய்க் கூடை மேலயே மயங்கி உழுந்துட்டா. உங்குளுக்குத் தெரியுமா?”

சென்னிமலைக்குச் சுருக்கென்றது. மெய்யாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் மடியிலிருந்த சுருட்டு அதைவிடப் பலமாக உறுத்தியது. “போர்டுல பேசறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பேசவும் இல்லை.

சுவர் எழும்பியது. ஓடு வேய்ந்தாயிற்று. சின்னராஜ் ஆசாரி கதவுக்கு அளவு கேட்டு வீட்டுக்கு வந்தார். அத்தாயி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

“எட்டுச் சாண் உசரம்” என்றார் சென்னிமலை. “அடியிலயிருந்து உச்சி வரைக்கும். ஒரு எறும்பு உள்ள எட்டிப்பார்க்கக் கூடாது.”

“ஏனுங்க, காத்து வரோணும்னு இன்ஸ்பெட்டரு சொன்னாருங்களே?” என்றாள் அத்தாயி. “கதவு உச்சி வரைக்கும் இருந்தா, உள்ள எழும்பறது உள்ளயேதானுங்களே சுத்தும்? துணியெல்லாம் வாடை புடிச்சுக்கும்.”

சென்னிமலை தோள் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதை எப்படி யோசிக்காமல் போனோம்?

“மேல மூணு சாண் எடுத்துட்டா?” என்றாள்.

“அத்தனையும் வெளிய போயிரும்!”

“எத்தனையும்ங்க?” என்றார் ஆசாரி.

“காத்து” என்றார் சென்னிமலை.

“கீழயும் ஒரு சாண் எடுத்துட்டா, தண்ணிய வாரி ஊத்திக் கழுவ வசதி. உள்ள ஆள் இருக்குதான்னு யாரும் கதவைத் தட்டவும் வேண்டாம்.”

கதவைத் தட்ட மாட்டார்கள்! அந்த ஒரு சொல்லிலேயே அவர் சரணாகதி ஆகிவிட்டார். உட்கார்ந்தால் தலை மறையும், புகை வெளியே போகும், தட்டுகிறவன் கிடையாது. இப்படி ஒரு கதவை இவள் அறியாமலே இவள் வாயால் சாமி சொல்லவைக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார்.

ஆசாரி விரல் மடக்கினார். “எட்டுச் சாண்ல நாலு சாண் போச்சு. நாலு கதவுலயும் பாதிப் பாதி. அப்ப ரெண்டு முழுக் கதவுக்குப் பலகை மிச்சமாகுதுங்களே?”

“அட, ஆமாங்க!” அத்தாயி மூக்கில் விரல் வைத்தாள். “அதை வீணாக்குவானேன்? பொம்பளைங்க பக்கம் ரெண்டுக்கும் ஜோடிச்சுருங்க ஆசாரி. முழு உசரம். உள்தாழ் நல்ல இரும்புல போடுங்க.”

போர்டு கூட்டத்தில் சென்னிமலை கதவு சாஸ்திரத்தை அரைமணி நேரம் விளக்கினார். நின்றால் தலை தெரியுமே என்று ஒருவர் கேட்டார். “கக்கூசுல நிக்கறவனுக்கு என்னங்க வேலை?” என்று மடக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். யோசனை யாருடையது என்று பிரசிடெண்ட் கேட்டார். “எல்லாம் என்னுதுதானுங்க” என்றார். சொல்லும்போது அதை அவர் நம்பவும் செய்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. திறப்புவிழா முடிந்து கூட்டம் கலைந்ததும் சென்னிமலை நாலாம் கதவுக்குள் நுழைந்தார். செருப்போடுதான். தாழ்ப்பாளைப் போட்டார். உட்கார்ந்தார். இத்தனை மாதத் தவம். மடியிலிருந்து உறையூர்ச் சுருட்டை எடுத்துப் பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்தார். அடிவயிறு வரை குளிர்ந்தது. கண்ணை மூடினார்.

“கும்புடறனுங் மெம்பர்!”

கண்ணைத் திறந்தார்.

“நானுங்க, மேக்கால ஊட்டுச் சின்னண்ணன்.”

சென்னிமலை உள்ளே ஆளே இல்லாததுபோல ஒடுங்கினார்.

“செருப்பு தெரியுதுங்களே” என்றார் சின்னண்ணன், அன்பாக.

சென்னிமலை குனிந்து பார்த்தார். கதவுக்கு அடியில் ஒரு சாண் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு சிவப்பு வளையங்கள் ஜொலித்தன.

“அப்பறம் பேசலாம் சின்னண்ணா!”

“அவசரமில்லீங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க. ஊட்டுக்கு வந்தா நீங்க இருக்கறதில்லை, போர்டாபீசுலயும் புடிக்க முடியலை. இங்கயாச்சும் எந்திரிச்சு ஓட மாட்டீங்கன்னு வந்தனுங்க. எங்க தெரு லாந்தக்கம்பம் சாஞ்சு ஆறு மாசமாச்சு.”

பேச்சுக் குரல் கேட்டு இன்னும் நாலு ஜோடிக் கால்கள் வந்தன. மெம்பர் ஒரே இடத்தில் உட்கார்ந்து குறை கேட்கிறார் என்ற செய்தி சந்தை முழுக்கப் பரவியது. ஒருவருக்கு வாய்க்கால் தகராறு. ஒருவருக்குத் தெருநாய். கதவுக்கு அடியில் ஒரு மனு நுழைந்து வந்தது. கையெழுத்துப் போட வசதியாகப் பின்னாலேயே ஒரு பென்சிலும் வந்தது.

சுருட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். பிற்பாடு அவரே பலமுறை சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முக்கால் சுருட்டு பாக்கி இருந்தது. உறையூர்ச் சுருட்டு. அவசர அவசரமாக இழுத்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். இழுத்தார். மேலே மூன்று சாண் இடைவெளி தன் கடமையைக் குறைவில்லாமல் செய்தது.

“ஏனுங், பொகை வருதுங்களே!” இது வீரன் குரல்.

“பொகையா?”

“கக்கூசு பத்திக்கிச்சு! மெம்பர் உள்ள இருக்கறாரு! தண்ணி கொண்டாங்க!”

சந்தையே திரண்டது. குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றால் வாயும் சுருட்டும் ஊருக்கே தெரியும். உட்கார்ந்திருந்தால் தலையில் குடம் குடமாகத் தண்ணீர். சென்னிமலை உட்கார்ந்தபடி வேர்த்தார்.

அப்போது கதவுக்கு அடியில் வேறு இரண்டு பாதங்கள் வந்து நின்றன. காலில் தண்டை. இடது கால் மிஞ்சி ஒன்று நெளிந்திருந்தது. அதை நிமிர்த்தித் தருவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

“எல்லாரும் அக்கட்டால தள்ளி நில்லுங்க” என்றது அத்தாயியின் குரல். “தண்ணி வேண்டாம். தீயெல்லாம் ஒண்ணுமில்லை. அவரு சாம்பிராணி போடறாரு.”

“கக்கூசுலயா?”

“கிருமி சாகோணுமில்ல? இன்ஸ்பெட்டரு சொன்னதுதான்.”

“வாசம் வேற மாதிரி இருக்குதுங்களேக்கா?” என்றான் வீரன்.

“இது உறையூர்ச் சாம்பிராணி.”

கூட்டம் ஆழமாக மூச்சு இழுத்து, இருமி, ஒத்துக்கொண்டது. உள்ளே சென்னிமலைக்கு உயிர் திரும்பி வந்தது. என்ன பெண்டாட்டி! இவளுக்கா துரோகம் செய்தோம்! நாளைக்கே மிஞ்சியைத் தட்டானிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் அவள் பேச்சு முடிந்துவிடவில்லை.

“செவ்வாக்கெழமை தவறாம ஆறு கக்கூசையும் அவரே தண்ணி ஊத்திக் கழுவி, அவரு கையாலயே சாம்பிராணி போடறதா மலைமேல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறாரு. ஏனுங்க, அப்படித்தானுங்களே?”

உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது.

“ஏனுங்க? வீரன் இன்னம் கொடத்தை எறக்கலீங்க.”

“ஆமா” என்றது கதவு.

எந்த ஊர் மெம்பரும் செய்யாத காரியம் என்று சந்தையே கும்பிட்டது. சென்னிமலை சுருட்டை உரிய இடத்தில் போட்டுவிட்டு, மனுவில் கையெழுத்தும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். சோற்றுக்கு உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

“உனக்கு எப்பப் புள்ள தெரியும்?”

“மலையெறங்குன நாலாம் நாளே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

“கேட்டிருந்தா இன்னொருக்கா மலையேறிச் சத்தியம் பண்ணியிருப்பீங்க. எங்குளுக்குக் கதவு வந்திருக்குமுங்களா?” அவள் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். “இன்னைக்கு மாரக்கா உச்சிப்பொழுதுல ஒரு சொம்பு மோரு குடிச்சா. சந்தைக்கு நடுவால உக்கோந்துக்கிட்டு. நாங்க எல்லாரும் அதையே பார்த்துக்கிட்டு இருந்தமுங்க.”

சென்னிமலைக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ரசம் கேட்டார். சுருட்டை இந்தத் தடவை மெய்யாகவே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவளிடம் சொல்லவும் செய்தார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவர் புறப்படும்போது வாசலில் எல்லாம் தயாராக இருந்தது. தண்ணிக்குடம், விளக்குமாறு, தூபக்கால், கரி, ஒரு பொட்டலம் சாம்பிராணி.

“தீப்பெட்டியைக் காணமே?” என்றார் சென்னிமலை.

“அதை நான் வேற தரோணுமுங்களா?” என்றாள் அத்தாயி. “உங்க மடியிலதான் இருக்குதே.”