நேற்றைய ஊர்க்காரர்

ஆற்றுக் கப்பலில் எங்கள் ஊர்க் கரைக்கு வந்து இறங்குகிறவர்களில் ‘நேற்றைய ஊர்க்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. கால் இன்றைய கல்தெருவில் நடக்கும். மனசு மட்டும் நேற்றைய ஊரிலேயே நங்கூரம் போட்டிருக்கும். வழிகாட்டிப் பெண் எண் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராஜா காலத்து மதில், சூனியக்காரியை அடைத்த கோபுரம், வெள்ளம் ஏறிய கோடுகள் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே போவாள். நம் நேற்றைய ஊர்க்காரரோ பக்கத்தில் வருகிறவரிடம், "நேத்துப் பார்த்த மதில் இதைவிட ஒசரம்" என்பார். சரி, நேற்று அந்த ஊரில் என்ன சொன்னாராம்? முந்தாநாள் மதிலைப் புகழ்ந்தாராம். கூட வருகிற மனைவிமார் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

என் கேக் கடை மணிக்கூண்டுக்குக் கீழே. போன வசந்தத்தில் வெண்டலின் என்று ஒருவர், மனைவி ரோஸ்வித்தாவோடு வந்தார். ஆப்பிள் கேக்கை ஒரு வாய் போட்டார்.

"பரவாயில்ல. நேத்து ஊர்ல தின்னதுல வெண்ணெய் தூக்கலா இருந்துச்சு."

கல்யாணமான நாளிலிருந்து கேக் சுடுகிறவள் நான். விடுவேனா? இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை பிடுங்காமல் கப்பலேற விடுவதில்லை என்று இன்னொரு துண்டு வைத்தேன். தின்றார். மணிக்கூண்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். போய்விட்டார்.

அன்று மலைப்பக்கம் பேய்மழை. எங்கள் மயின் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. ஆகவே மறுநாளும் அதே கரை, அதே ஊர், அதே வெண்டலின். கேட்காமலேயே கேக்கை வைத்தேன்.

மென்றார். கண்ணை மூடினார். நான் மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்துச் சாப்பிட்டது மாதிரி வராதும்மா. அதுதான் கேக்கு."

"நேத்துச் சாப்பிட்டதும் இங்கதான், வெண்டலின். இவங்க கையாலதான்" என்றாள் ரோஸ்வித்தா.

"இருக்கலாம். மணிக்கூண்டுகூட நேத்துதான் கம்பீரமா இருந்துச்சு."

ரோஸ்வித்தா என் பக்கம் திரும்பினாள். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. கல்யாணத்துல நான் அழகா இருந்தேன்னு மறுநாள் காலையிலதான் சொன்னாரு."

நான் அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் பழசுதான். இருந்தாலும் என் கேக்குக்குச் சேர்ந்தது, யாருக்கு விட்டுக்கொடுப்பேன்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, போன வாரம் படித்தது இதைவிட நன்றாயிருந்ததே என்று மனசில் ஓடியதா, இல்லையா? பொய் சொல்ல வேண்டாம். எனக்கு அவசரமில்லை. நாளைக்கு வந்து பாராட்டுங்கள்.