வண்டிதானே ஓடுது, அவனா ஓடுறான்?

விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது ரகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் விளையாட மாட்டார். நிம்மதியாகப் பார்க்கவும் மாட்டார். இது விளையாட்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வார். யாரும் வழக்குப் போடவில்லை. ஆனாலும் சொல்வார்.

குவைத்தின் ஃபஹாஹீலில் மீன் கடை வாசலில் இப்படி ஒருவர் இருக்கிறார். சவுதியின் யான்புவில் கம்பெனி பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஒருவர் இருக்கிறார். ஆனால் கலப்படமில்லாத அசல் உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால் அமீரகத்து ராஸ் அல் கைமாவுக்குத்தான் வரவேண்டும். அங்கே டைல்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் வீரபாண்டி. கமுதிப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்து நான்கு. இருபது வயதில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். இடது முழங்காலில் நீளமான தழும்பு ஒன்று இருக்கிறது. தொழிலாளர் கேம்ப்பில் எந்த வாக்குவாதம் வந்தாலும் கைலியைத் தூக்கி அந்த முழங்காலை வெளியே எடுத்துவிடுவார். வக்கீல் சட்டப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் போடுவதைப் போல.

அவருடைய சட்டம் சின்னது. வேர்க்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், உடம்பு மண்ணில் விழ வேண்டும். விழாதது விளையாட்டில்லை. கிரிக்கெட்டா? "பத்துப் பேரு நிக்கிறாய்ங்க, ஒருத்தன் போடுறான். நிக்கிறது வெளையாட்டுன்னா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் கப்பு குடுக்கணும்." கோல்ஃபா? "குச்சிய ஊண்டிக்கிட்டு வாக்கிங் போறாய்ங்க." நீச்சலா? "மீனுந்தான் நீந்துது."

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது கார் ரேஸ். அபுதாபியில் பெரிய பந்தயம் நடக்கிற வாரத்தில், அறையில் ஆறு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால், அவர் மட்டும் டிவிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நிற்பார்.

"வண்டிதானே ஓடுது, அவனா ஓடுறான்?"

"அண்ணே, ஒரு ரேஸ் முடியறதுக்குள்ள டிரைவருக்கு ரெண்டு மூணு கிலோ குறைஞ்சிருமாம்ணே" என்று அறைத்தோழன் சோலைமுத்து ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"ஆகஸ்ட் மாசம் ஏசி இல்லாத கம்பெனி பஸ்ல எனக்கு நாலு கிலோ குறையுது. எவன்டா எனக்குக் கப்பு குடுத்தான்?"

சிரிப்பில் அறை குலுங்கியது. அன்பரசன் மட்டும் சிரிக்கவில்லை.

அன்பரசன் அதே அறையில் மேல்கட்டில்காரன். அறந்தாங்கிப் பையன், அதே கம்பெனியில் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கியே நோய் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துணிகூடத் துவைக்காமல் முகம்மது சித்தீக் பாயின் யார்டுக்குப் போய்விடுவான். சித்தீக் பாய் கீழக்கரைக்காரர். பழைய வண்டிகளைப் பிரித்து பாகம் பாகமாக விற்பதில் இருபத்தைந்து வருட அனுபவம். அவர் யார்டில் ஓய்வுபெற்ற டாக்ஸி ஒன்று மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தது. ஊருக்கு வெளியே ஒரு கார் கிளப் புதிதாகப் போட்டி ஒன்று அறிவித்ததும், அந்த டாக்ஸியை அன்பரசனிடம் ஒப்படைத்துவிட்டார்.

போட்டியின் பெயர் டெமாலிஷன் டெர்பி. பழைய கார்களை ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டு ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். கடைசி வரைக்கும் எது நகர்கிறதோ அதுக்குக் கோப்பை. அவ்வளவுதான்.

இதை அன்பரசன் விளக்கியபோது வீரபாண்டி உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். அறையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. பிறகு ஆரம்பித்தார்.

"மோதுறது வெளையாட்டுன்னா, மதுரை பைபாஸ்ல தினமும் மேட்ச்சுதான்டா. டாக்டரு அம்பையரு, ஆம்புலன்ஸுக்காரன் ஸ்கோரு எழுதுறவன்."

இரண்டு மாதமாக அந்த டாக்ஸியின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து மூடி, பெட்ரோல் டேங்கைப் பின் சீட்டுக்கு மாற்றி, கையெல்லாம் கொப்புளம் கொப்புளமாகச் சுட்டுக்கொண்டவன் அன்பரசன். மேல்கட்டிலிலிருந்து நிதானமாக இறங்கினான்.

"அண்ணே, நம்ம கம்பெனியில டைல்ஸ் பெட்டியத் தூக்குறது யாரு? ஃபோர்க்லிஃப்ட்டுதானே, நீங்க இல்லையே? அப்ப சம்பளத்தையும் அதுக்கிட்டயே குடுத்துரச் சொல்லவா?"

வீரபாண்டி முழங்காலை எடுக்கக் கைலியைத் தூக்கி, பாதியில் கீழே விட்டுவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வீரபாண்டி சமைக்கிற முறை வந்தால் அன்பரசன் பரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டான். அன்பரசன் முறை வந்தால் வீரபாண்டிக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போனது.

கெட்ட நேரம், அந்தச் சண்டை நடந்த அன்று மாலையே ஊரிலிருந்து மகள் சந்தியாவின் அழைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. மாவட்ட அளவில் பள்ளிகளுக்கான செஸ் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தாள். வீடியோவில் சான்றிதழ்தான் முதலில் தெரிந்தது, அதற்குப் பின்னால் பாதி முகம். வீரபாண்டியின் தலையில் இன்னும் ஃபோர்க்லிஃப்ட் சூடு ஆறவில்லை.

"உக்காந்துக்கிட்டுக் காய நகட்டுறதெல்லாம் என்னத்தா வெளையாட்டு? ஓடியாடி வெளையாடு."

சான்றிதழ் மெதுவாகக் கீழே இறங்கியது. போன் கை மாறியது. மனைவி நாகவள்ளி வந்தாள்.

"காலையிலருந்து உங்களுக்குக் காட்டணும்னு அதக் கையில வச்சுக்கிட்டே திரிஞ்சுச்சு. பள்ளிக்கூடத்துல மெச்சுனாங்க, தெருவே மெச்சுச்சு. உங்க தீர்ப்புத்தான் பாக்கி இருந்துச்சு. நல்லாருக்குங்க உங்க நியாயம்."

போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை அழைத்தார். சந்தியா படிக்கிறாள் என்றார்கள், சந்தியா குளிக்கிறாள் என்றார்கள்.

போட்டி நாள் வந்தது. வீரபாண்டி போனார். ஏன் போனார் என்று கேட்கிறீர்களா? இந்த ரகத்துக்குத் தீர்ப்புக்குப் பிறகுதான் சாட்சி விசாரணை. நேரில் பார்த்துவிட்டு வந்து இன்னும் விவரமாகத் திட்டலாமே!

குளிர்கால வெயில் இதமாக இருந்தது. பின்னால் மலை. முன்னால் கான்கிரீட் தடுப்புகள் சுற்றி வைத்த வட்ட மைதானம், தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிய தரை. பத்துப் பதினொரு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. ஓரத்தில் டாக்ஸி அமைதியாக நின்றது. அதன் பக்கத்தில் அன்பரசன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது கிளப்பின் விதி. ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் திரும்பிப் பார்த்துப் பின்னால் வருகிற ஆபத்தைச் சொல்வார். அந்த வேலைக்குப் பழகியிருந்த சுஐபு, பாயின் கடையில் வேலை பார்ப்பவர், அன்று காலை கியர்பாக்ஸ் ஒன்றைத் தூக்கப்போய் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். வீங்கின கையைப் பார்த்த கிளப் டாக்டர், ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. சித்தீக் பாய் தானே ஏறத் தயார். ஆனால் கதவுகள் வெல்டிங் வைத்தவை. ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். பாயின் உடம்புக்கு அந்த ஜன்னல் சம்மதிக்கவில்லை.

அவர் கண் வீரபாண்டிமேல் விழுந்தது.

"வாங்க தம்பி. இது வெளையாட்டே இல்லேன்னு ஊரெல்லாம் சொன்னியளாமே?"

"இப்பவும் அதத்தான் பாய் சொல்றேன்."

"அப்பச் சரி. வெளையாட்டே இல்லாத எடத்துல சும்மா உக்காந்திருக்க என்ன பயம்? ஏறுங்க."

வீரபாண்டி அன்பரசனைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. கையிலிருந்த வெல்டிங் கொப்புளங்களை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தான். சான்றிதழ் கீழே இறங்கியபோது சந்தியாவின் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் இருந்தது அவன் முகம்.

"ஏறுறேன்" என்றார் வீரபாண்டி. "ஆனா இது வெளையாட்டில்ல."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நாலு காகிதத்தில் கையெழுத்து. ஜன்னல் வழியாக முதலில் காலும், அப்புறம் இடுப்பும், கடைசியில் மானமும் உள்ளே போனது. தோளிலும் இடுப்பிலும் பெல்ட் போட்டு இறுக்கினார்கள். "யல்லா, யல்லா!" என்று கொடிக்காரர் கத்தினார். கொடி விழுந்தது.

முதல் இடி இடது பக்கம். பல்லெல்லாம் இடம் மாறிவிட்டது என்றே வீரபாண்டி நினைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கருப்பசாமியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கண்ணத் தொறங்க! பின்னாடி யாரு வர்றா?"

"எல்லாரும்!"

"எல்லாரும்னா எந்தப் பக்கம்ணே?"

இரண்டாவது இடி. மூன்றாவது. வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முதலில் வெறும் புகையும் தகரமும்தான் தெரிந்தது. பிறகு, எப்படி என்றே தெரியவில்லை, மைதானம் அவருக்குப் புரிய ஆரம்பித்தது. பச்சை வண்டி ஆத்திரக்காரன், யோசிக்காமல் பாய்கிறான். வெள்ளை வண்டிக்காரன் இன்னொருவன் முதுகில் ஒளிகிறான். மூலையில் ஒரு சிவப்பு பிக்கப், யாரையும் இடிக்காமல், உறுமிக்கொண்டே காத்திருக்கிறது. இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! எங்கே? ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். கபடியில், பாடிப்போனவன் திரும்புகிற நேரம் பார்த்துக் கணுக்காலில் விழுகிற கார்னர் ஆட்டக்காரன்.

"அன்பு! செவப்பு வண்டி! அவன் கார்னர்காரன்டா! நம்ம இடிச்சிட்டுத் திரும்புறப்பதான் பாய்வான். நேராப் போகாத, பச்சையத் தொட்டுட்டு வலப்பக்கம் வெட்டு!"

"வெட்டிட்டேன்ணே!"

"விடாத, பின்னாடி போ! போ! பின்பக்கத்தால குடு! பச்சையோட ரேடியேட்டர்லயே குடு!"

பச்சை வண்டி ஆவி கக்கிக்கொண்டு செத்தது. வீரபாண்டியின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தொடர்ந்து ஒரு முணுமுணுப்பு கேட்டதாக அன்பரசன் பிற்பாடு சொன்னான். "கபடி கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தாராம். அவருக்கு அது நினைவில்லை.

ஒவ்வொன்றாக வண்டிகள் நின்றன. மிச்சம் இரண்டு: டாக்ஸியும் சிவப்பு பிக்கப்பும். டாக்ஸியின் முன்சக்கரம் வளைந்து, இன்ஜின் அணைந்துவிட்டது. நின்றுபோன வண்டி ஒரு நிமிஷத்துக்குள் யாரையாவது தொடாவிட்டால் ஆட்டம் இழந்த மாதிரி. கொடிக்காரர் விரல்களை விரித்து எண்ண ஆரம்பித்தார். அன்பரசன் சாவியைத் திருப்பினான். இருமல். மறுபடியும் திருப்பினான். இருமல்.

"பொறு" என்றார் வீரபாண்டி. "செவப்பு வரட்டும். செத்துட்டோம்னு நெனச்சு வருவான். பக்கத்துல வந்ததும் திருப்பு."

வந்தான். "இப்ப!" இன்ஜின் பிடித்துக்கொண்டது. டாக்ஸி பின்னால் பாய்ந்து பிக்கப்பின் மூக்கில் ஏறியது. இரண்டும் ஒன்றாக அடங்கின.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசி இடிக்குப் பிறகு பிக்கப் ஓரடி நகர்ந்ததாம். முதல் பரிசு அதுக்கு. டாக்ஸிக்கு இரண்டாவது.

ஜன்னல் வழியாக ஒரு மனிதர் எவ்வளவு வேகமாக வெளியே வரமுடியும் என்பதை அன்றுதான் பார்த்தார்கள். "அவன் எங்க நகந்தான்? நாங்க தள்ளுனதுல உருண்டான்! யே ஃபவுல் ஹை! ஹமாரா காடி பெஹலா ஹை, நம்ம வண்டிதான் மொதல்ல!" தமிழிலும் இந்தியிலும் கையிலும் வாதாடினார். முழங்காலைக் காட்ட பேண்ட்டைச் சுருட்டக்கூடப் பார்த்தார். நடுவர் அவர் தோளைத் தட்டி, "கலாஸ், கலாஸ்", முடிந்துவிட்டது என்று சிரித்தார்.

சித்தீக் பாய் பக்கத்தில் வந்தார். "வெளையாட்டே இல்லாததுல மொதலாவதென்ன, ரெண்டாவதென்ன தம்பி?"

வீரபாண்டி நின்றார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை நிறையும். மூச்சு வாங்கியது. உட்காரலாம் என்று நினைத்தவர் அப்படியே சேற்றில் மல்லாந்துவிட்டார். அன்பரசன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அண்ணே, ஓடுனது வண்டியா, நீங்களா?"

முழு பாட்டிலையும் குடித்துவிட்டுத்தான் பதில் வந்தது. "அந்தச் செவப்பு வண்டிக்காரன் நல்ல பிளேயர்டா." பாட்டிலை மூடிக்கொண்டே, "நீயுந்தான்" என்றார். அன்பரசன் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டார். நல்லவேளை, சந்தியாவே எடுத்துவிட்டாள்.

"ஆத்தா, அந்த மேட்ச்ச எப்படி வெளையாண்டன்னு சொல்லு."

"அது வெளையாட்டே இல்லன்னீங்க?"

"அப்பா தெரியாமச் சொல்லிட்டேன்த்தா. உக்காந்திருக்கவனுக்கும் வேர்க்குது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, முதலில் ஒரு சொல், அப்புறம் ஒரு வரி, அப்புறம் அடைமழை. "கடைசி ரவுண்டுல ராணிய விட்டுட்டேன்ப்பா. எதிரியோட பிஷப்பு மூலையில நின்னுச்சு, நான் கவனிக்கவே இல்ல."

"மூலையிலயா?" வீரபாண்டி சேற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "மூலையில நிக்கிறவன்மேல எப்பவும் ஒரு கண்ணு வச்சுக்கணும்த்தா!"

இருபத்தைந்து நிமிஷம் பேசினார்கள்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த ரகத்தைத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித் திரும்பி, அறைக்குப் புதிய சட்டத்தை வாசித்தார். உலகத்தில் விளையாட்டு மூன்றுதான்: கபடி, செஸ், கார் மோதுவது. மேலும், ஷூ மாட்டிக்கொண்டு மெத்தைமேல் ஆடுகிறார்களே இந்தக் காலத்துக் கபடி, அது விசாரணையில் இருக்கிறது. சோலைமுத்து கேரம் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இது?" என்று கேட்டான்.

"ஒத்த வெரலு வேல செய்யுது. போடா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ, 'செஸ் வரைக்கும் ஒத்துக்கொள்ளலாம், அதுக்காகத் தகரத்தைத் தகரத்தில் இடிப்பதைப் போய்…' என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஆரம்பித்ததே, அதைத் தயவுசெய்து முடிக்காதீர்கள். அடுத்த போட்டிக்குச் சித்தீக் பாய் வண்டி தயார் பண்ணிவிட்டார். ஜன்னலில் நுழைகிற அளவுக்கு ஒரு ஆள்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.