தூண்கள்ளியும் மூணு மணித் தூக்கமும்

கல்யாணமான ஆண்பிள்ளை தூங்குவதுபோல் நடிக்கத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் ஹரிநாராயணனுக்கு ஜூன் முதல் வாரத்தில் வந்தது.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் அவனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை. மூட்டை மூட்டையாக மிளகில் எத்தனை ஈரம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு வீடு. இரண்டேகாலுக்குச் சாப்பாடு. இரண்டரைக்குப் பாய். மூன்று மணிக்கு அவன் மனைவி சுபாஷிணி லாப்டாப்பைத் திறந்து, துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கணக்கு நடத்துவாள். மூன்றேகாலுக்கு ஆறு மாதக் குழந்தை அம்மிணி தொட்டிலை நனைத்துவிட்டு, துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுபோல் அழுவாள்.

பாதிக் கணக்கில் சுபாஷிணி எழுந்து ஓடுவாள். துபாய்த் தாய்மார்கள் புகார் சொன்னார்கள். இன்னொரு தடவை அழுகை கேட்டால் வகுப்பு வேறு டீச்சருக்குப் போய்விடும் என்று கம்பெனியிலிருந்து மெசேஜும் வந்துவிட்டது.

ஹரிநாராயணன் மனைவிக்காக மிகவும் வருந்தினான். படுத்துக்கொண்டே வருந்தினான். "ஏன்னா, கொஞ்சம் பாருங்கோளேன்" என்று குரல் வரும் முன்பே குறட்டை வந்துவிடும். வாய் லேசாகத் திறந்திருக்கும், இடது கை பாய்க்கு வெளியே கிடக்கும். ஒருநாள் அவள் குழந்தையைக் கொண்டுவந்து அவன் மார்மேலேயே போட்டாள். குழந்தை மூக்கைப் பிடித்து இழுத்தது. அசைந்தானா என்றால், இல்லை.

அப்பேர்ப்பட்ட கலைஞனுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அது மொட்டைமாடியில், பிளாஸ்டிக் கொட்டகைக்குள், ஒன்பது தொட்டிகளில் நின்றுகொண்டிருந்தது. தூண்கள்ளி. இடவப்பாதி என்கிற ஜூன் மாத அடைமழையில் உப்பு ஜாடியிலேயே கரைகிற ஊரில் கள்ளி வளர்ப்பது, பரணில் மீன் வளர்ப்பது மாதிரி. பக்கத்து வீட்டு சேவியர் சேட்டன் மதில்மேல் சாய்ந்து கேட்பார்.

"எடா ஹரி, இது வளருதோ, இல்ல சும்மா நிக்குதோ?"

"வளர்றது சேட்டா. மூணு வருஷத்துல நாலு விரக்கடை."

"என் மதில்ல பாசி அதைவிட ஸ்பீடாட்டு வளருதே."

கள்ளிக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். அதற்காகக் கொட்டகைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் வைத்திருந்தான். காற்றில் ஈரம் எண்பதைத் தாண்டினால் அவன் போன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். பாதிச் சோற்றில் எழுந்து மாடிக்கு ஓடி மின்விசிறியைப் போடுவான். சுபாஷிணி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களில்தான் புருஷன் பயப்பட வேண்டும். அவனோ தூங்கினான்; அதாவது, நடித்தான்.

புதன்கிழமை மூன்று பன்னிரண்டுக்குப் போன் அலறியது. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது என்றால் கள்ளி நீச்சலடிக்கிறது என்று அர்த்தம். குறட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். மாடிப்படியில் ஒருதரம் வழுக்கினான். கொட்டகையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது கள்ளியும் காய்ந்த மண்ணில் சௌக்கியமாக நின்றன. மீட்டரைத்தான் காணோம்.

சொட்டச் சொட்ட இறங்கி வந்து, அவள் வகுப்பு நடத்தும் அறை வாசலில் நின்று, மீட்டர் எங்கே என்று கையை விரித்தான். சுபாஷிணி பாடத்தை நிறுத்தவில்லை. வெள்ளைப் பலகையின் மூலையில் இருந்த பின்னத்தை அழித்துவிட்டு எழுதிக் காட்டினாள்: தொட்டிலுக்கு அடியில்.

மீட்டர் அங்கேதான் கட்டியிருந்தது. மேலே அம்மிணி நனைந்து கிடந்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வேறு வழி? துணி மாற்றினான்.

நாலு மணிக்குச் சண்டை.

"கேக்காம எடுக்கலாமோடி?"

"கேட்டேனே. ரெண்டு வாரமாக் கேட்டேன். நீங்க குறட்டை விட்டுண்டிருந்தேள்."

"எண்பதுலதானே அடிக்கும்? வீட்டுக்குள்ளேயே எண்பத்தெட்டு இருக்குமே, நாள்பூரா அடிச்சிருக்கணுமே?"

"தொண்ணூத்தஞ்சுன்னு மாத்தினேன்."

"என் போனை எப்படித் தொறந்தே?"

"உங்க கட்டைவிரலை எடுத்து வெச்சேன். நீங்க நெஜமாத் தூங்கறச்சே."

"நெஜமான்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நெஜத் தூக்கத்துல நீங்க குறட்டை விடறதில்லை."

அவன் பேச்சை மாற்றினான்.

"நாளைக்கு மீட்டரை எங்கே வெப்பே?"

"எங்கேயாவது."

அந்த 'எங்கேயாவது' அவனைக் கொன்றது. வியாழனும் வெள்ளியும் போன் அலறியபோது மாடியா தொட்டிலா என்று தெரியாமல் இரண்டுக்கும் ஓடினான். இரண்டு நாளும் தொட்டில்தான்.

சனிக்கிழமை அவனுக்கு மூளை வேலை செய்தது. படகேறி எர்ணாகுளம் போய், பிராட்வேயில் நாலு கடை ஏறி இறங்கி, இன்னொரு மீட்டர் வாங்கிவந்தான். பழையது ஆம்புலன்ஸ், புதியதற்குக் குயில் சத்தம் வைத்தான். குயில் கூவினால் குழந்தை, ஆம்புலன்ஸ் என்றால் கள்ளி.

"பழசு மாடிக்கு. இது தொட்டிலுக்காக்கும்" என்று பெருந்தன்மையாக நீட்டினான்.

"செரி" என்று வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூன்று பத்துக்குக் குயில் கூவியது. ஹரிநாராயணன் கண்ணை மூடிப் புன்னகைத்தான். இந்தத் தடவை குறட்டை விடாமல் நடித்தான். குயில் மறுபடி கூவியது. புரண்டு படுத்தான். உடனே ஆம்புலன்ஸ் அலறியது. பாய் ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கமாக மாடிக்குப் பறந்தான்.

கொட்டகையில் மீட்டர் இல்லை.

தொட்டிலுக்கு அடியில் இரண்டும் ஜோடியாகத் தொங்கின.

நாலு மணிக்கு ஈரத்துணியும் கையுமாக நின்று கேட்டான். "ஆளுக்கொண்ணுன்னு பேசி முடிச்சதுதானே?"

"ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ணு கேக்கட்டுமேன்னுதான்."

"அப்போ கள்ளி?"

"காத்தாலேயே ஃபேன் போட்டாச்சு. அது நன்னாத்தான் நிக்கறது." லாப்டாப்பை மூடினாள். "கம்பெனிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. புதன்கிழமைலேர்ந்து அழுகைச் சத்தமே இல்லையாம். துபாய்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷமாம்."

ஹரிநாராயணனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "பின்னே? ஆத்துல நான் ஒருத்தன் இருக்கேனோல்லியோ?"

"அதையேதான் நானும் கம்பெனிக்குச் சொன்னேன். நாளைலேர்ந்து வகுப்பு ரெண்டு மணி நேரமாக்கும்."