புரட்டாசி விரதம் இருந்த கெளுத்தி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு மீனுக்காக என் மானத்தை ஒலிபெருக்கியில் ஏற்றியவர் எங்கள் டைம்கீப்பர் ஒருவர்தான்.

பஸ் வருவதையும் கிளம்புவதையும் அறிவிப்பது அவர் உத்தியோகம். எனக்குப் பக்கத்து வீடு. திருச்சியில் ஒரு மீன்தொட்டிக் கடையிலிருந்து கெளுத்தி ஒன்றை வாங்கி வந்தார். நம் ஏரிக் கெளுத்தி அல்ல, அமேசான் காட்டுக் கெளுத்தி. நீளம் ஒரு சாண்கூட இல்லை. வாயைத் திறந்தால் உடம்பே வாய்தானோ என்று தோன்றும். "தன்னைவிடப் பெரிய மீனையும் முழுங்கிரும், தனியா வைங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். டைம்கீப்பர் சிரித்துவிட்டு, மனைவி ஆசையாக வளர்த்த ஆறு தங்கமீன்களோடு அதையும் விட்டார்.

மறுநாள் காலையில் நான் போய் எண்ணினேன். எதையாவது எண்ணாவிட்டால் எனக்குக் காபி இறங்காது. ஐந்து. மறுபடியும் எண்ணினேன், ஐந்துதான். கெளுத்தி பலூன் வயிற்றோடு அடியில் படுத்திருந்தது.

"ஏறினவன் எறங்கலியே சார்!" என்று விழித்தார் டைம்கீப்பர்.

பிறகு அதற்குத் தனித் தொட்டி, துள்ளி விழாமலிருக்கக் கனமான மூடி, பகலில் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய். எங்கள் தெரு போர் தண்ணீர் வாளியிலேயே சுண்ணாம்பாகப் படியும். அது கெளுத்திக்கு ஆகாதாம். அதற்குக் கேன் தண்ணீர், அதில் காய்ந்த பாதாம் இலை. தொட்டி முழுக்க டீ நிறம். வீட்டிலிருந்தவர்கள் குடித்தது போர் தண்ணீர்.

புரட்டாசி பிறந்தது. அவர் மனைவி சட்டம் போட்டார்.

"மாசம் முடியிற வரைக்கும் இந்த வூட்டுக்குள்ள மீனு வரக்கூடாது."

"ஏம்மா, அதுவே மீனுதானே?"

"அது இருந்துட்டுப் போவட்டும். அது திங்கிற மீனு வரக்கூடாது."

"அதுக்கு ஏதும்மா விரதம்?"

"நம்ம வூட்ல இருக்குல்ல, இருக்கட்டும்!"

நாள்கணக்கில் பட்டினி தாங்கும் மீன்தான். டைம்கீப்பருக்குத்தான் தாங்கவில்லை. இட்லியைப் பிட்டுப் போட்டார். கெளுத்தி மோந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் வயிறு ஒட்டித் தலை மட்டும் மிஞ்சியது. அவரும் சரியாகச் சாப்பிடுவதை விட்டிருந்தார்.

"செத்துரும் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீங்க சனிக்கெழம கல்லங்குறிச்சி பெருமாளுக்குப் போறீங்கல்ல? அரியலூர்ல என் சிநேகிதன் குஞ்சு மீனு தருவான். உங்க பையை யாரு சார் சந்தேகப்படப் போறா?"

போனேன். நெற்றியில் நாமம். மஞ்சள் பையில் தேங்காய், துளசி, தீர்த்தப் பாட்டில். அவற்றுக்கு அடியில், தண்ணீர் நிரப்பிய கவரில் எட்டுக் கெண்டைக் குஞ்சுகள். பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வேகத்தடை பஸ்ஸைத் தூக்கிப் போட்டது. பை கவிழ்ந்து, தேங்காய் இடித்துக் கவர் கிழிந்தது. பஸ் தரையெல்லாம் மீன் துள்ளியது.

"நாமத்தப் போட்டுக்கிட்டு பையில மீனா? நல்லாருக்கு பெரியவரே ஒங்க சனிக்கெழம!" என்றார் பூக்கூடைக்கார அம்மாள். பஸ்ஸே சிரித்தது.

அப்படியே இறங்கி ஓடியிருக்கலாம். கைக்குக் கிடைத்ததைத் தீர்த்தப் பாட்டிலில் போட்டு எண்ணினேன். ஏழு. சீட்டுக்கடியில் மண்டியிட்டபடி, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று என் வாயே சொல்லிவிட்டது.

கண்டக்டர் ஜன்னல் வழியே கத்தினார்: "டைம்கீப்பரே, இந்தப் பெரியவர எறங்கச் சொல்லுங்க! மீன எண்ணிக்கிட்டு இருக்காரு!"

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. அரியலூர் வண்டியில துள்ளுறது என் மீனு. கொண்டாந்த பெரியவரு சுத்த சைவம். ரொம்ப நல்ல மனுசன். யாரும் சிரிக்காதீங்க."

அதுவரை சிரித்தது ஒரு பஸ். இப்போது பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பூக்கூடைக்குள் கிடந்த எட்டாவது மீனை அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்தார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

வீட்டில் டைம்கீப்பரின் மனைவி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பெருமாள் தீர்த்தத்துல வந்துருச்சு. திருப்பி அனுப்பவா முடியும்? போட்டுத் தொலைங்க."

கெளுத்தி பிழைத்தது. டைம்கீப்பர் ஓய்வு பெற்று, தொட்டியோடு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஸ்டாண்டை நான் இன்னும் தலை குனிந்துதான் கடக்கிறேன். ஆனாலும் ஒலிபெருக்கி கரகரத்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. என்னை நல்ல மனுசன் என்று அவ்வளவு சத்தமாக வேறு யாரும் சொன்னதில்லை.