சீனியம்மாளை எதிர்த்து நான் எடுத்த லீவு

என் வீட்டில் ஒரே சட்டம்தான். சீனியம்மாள் எதைச் சொன்னாலும் நான் அதற்கு நேர் எதிராகச் செய்வேன். கல்யாணமான மறுநாளே எடுத்த முடிவு. மட்டாஞ்சேரியில் எத்தனையோ புருஷன்மார் தலையாட்டிப் பிழைக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது ஜாதிக்காயும் மிளகும் அடுக்கிய குடோனில்தான். ஆனால் தலையாட்டுகிற ஜாதி இந்த முத்துராமலிங்கம் இல்லை.

வீட்டுக்கு வெளியே கதை வேறு. நான் குடோன் சூப்பர்வைசர். முதலாளி சந்தீப் எது சொன்னாலும் 'சரி சார்'. ஞாயிற்றுக்கிழமை லோடா? சரி சார். ராத்திரி லாரியா? சரி சார். இப்படிச் சரி சரி என்றே சரிந்துவிட்டேன்.

போன் அடித்தால் முதலாளியோ என்று பதறி எழுந்துவிடுவேன். எவ்வளவு தூங்கினாலும் அலுப்புப் போகாது. மூட்டை தூக்குகிறவர்கள் சாயா குடிக்கப் போனால்கூடக் கத்தினேன். ஒருநாள் மிளகு மூட்டையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். ஆனால் நெய்மீன் குழம்பை ருசி தெரியாமல் நான் விழுங்கியதைப் பார்த்ததும் சீனியம்மாள் பயந்துவிட்டாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பர்ன் அவுட். வேலை பார்த்தே உள்ளுக்குள்ள எரிஞ்சு தீர்ந்துட்டார்" என்றார் டாக்டர்.

"நான் மொளகா கம்மியாத்தானே போடுதேன்!" என்றாள் இவள்.

"ரத்தத்துல சீனி இல்லை. அது நல்லது" என்றார் டாக்டர்.

"வீட்டுல இருக்கு சார்" என்றேன்.

ஓய்வு எடுக்கச் சொன்னார். தெருவுக்கு வந்ததுமே ஆரம்பித்தாள்.

"லீவு போடுங்க."

"முடியாது."

"உடம்பு முக்கியம்லா?"

"ஏளா, நான் இல்லாட்டி குடோன் நின்னுரும்."

"அது நூறு வருஷமா நிக்கத்தான் செய்யுது!"

மறுநாள் காலையில் ஆளே மாறியிருந்தாள். "நீங்க சொன்னதுதான் சரி. லீவு வேண்டாம். இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் போங்க. முதலாளிட்ட நானே சொல்லிருதேன்."

எனக்குச் சுருக்கென்றது. "என் லீவை முடிவு பண்ண நீ யாரு?"

"அவர எதுத்துப் பேச உங்களுக்குத் தைரியம் ஏது?"

அவ்வளவுதான். போனை எடுத்தேன். "சார், நான் ஒரு வாரம் வரமாட்டேன். முடியாது சார். முடியாது!"

வைத்துவிட்டேன். சட்டையெல்லாம் வியர்வை. ஆனால் நெஞ்சிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

அதன்பிறகு என் புரட்சியை யாராலும் அடக்க முடியவில்லை. "போனை அணைச்சிராதீங்க" என்றாள். அணைத்தேன். "பகல்ல தூங்காதீங்க" என்றாள். குறட்டைவிட்டுத் தூங்கினேன். "வெட்டியா போட்டுல சுத்தாதீங்க" என்றாள். உடனே சட்டையை மாட்டினேன். எர்ணாகுளம் போய் அடுத்த படகிலேயே திரும்பினேன். காயல் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "ஏளா, குழம்புல உப்பு கம்மி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தோற்றவர்கள் அழத்தானே செய்வார்கள்!

வாரம் முடிந்தது. நெஞ்சை நிமிர்த்திக் குடோனுக்குள் நுழைந்தேன்.

"முத்து சேட்டா, இங்க எந்தா காரியம்?" என்றார் சந்தீப். "சேச்சி ரெண்டு வாரம் லீவுன்னல்லோ பறஞ்ஞது?"

"எந்த சேச்சி?"

"உங்க வீட்டுக்காரிதான். டாக்டரைப் பார்த்த அன்னைக்கே வந்தாங்க. 'நாளைக்கு அவர் போன்ல கத்துவார், மனசுல வெக்காதீங்க'ன்னாங்க. ஞாயித்துக்கிழமை இனி உங்களைக் கூப்பிடமாட்டேன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிட்டாங்க. போய்ப் படுங்க."

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சீனியம்மாள் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு! இனி உன் பாச்சா என்கிட்ட பலிக்காது!"

அவள் நிமிரக்கூட இல்லை. "அப்படியா? சரி, இப்பவே திரும்பி வேலைக்குப் போங்க."

யோசித்தேன். போனால் அவள் சொன்னதைக் கேட்டதாகிவிடும். போகாவிட்டால் அவள் நினைத்தது நடந்துவிடும். எந்தப் பக்கம் எதிர்ப்பது என்றே தெரியவில்லை. நின்று நின்று கால்தான் வலித்தது.

"பாய் எங்க இருக்கு?" என்றேன்.

"விரிச்சாச்சு" என்றாள்.