ஸ்ரீநாத் சாருக்குப் பிடிக்காத பிளாட்ஃபார்ம்கள்

"உங்களுக்கு முடிவெடுக்கவே வராதா, எழிலரசி?"

போன வருஷம் பழைய மேனேஜர் கேட்டது. இன்னும் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் அம்பத்தூர் ஆபீசுக்குப் புதிய பிளாட்ஃபார்ம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்தபோது, இதிலும் தடுமாறினால் தனக்கு இங்கே பிழைப்பில்லை என்று நினைத்தாள்.

பிளாட்ஃபார்ம் என்றால், எழுதிய புரோகிராமை ஒரு பட்டனைத் தட்டி வெளியிட்டுவிடும் மென்பொருள். அந்த வேலையை இப்போது எழிலரசியையும் சேர்த்து ஆறு பேர் கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நல்லதாக ஒன்றைப் பார்த்து மேனேஜர் ஸ்ரீநாத்திடம் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. டீம்ல கேட்டீங்களா?"

கேட்டாள். அதுதான் தப்பு. ராகேஷ் வேறொன்றைச் சொன்னான். கோகுல்நாத் அதைக் காறித் துப்பினான். சண்டை வேண்டாமென்று இரண்டையும் ஒத்திகைக்கு ஓட்டினாள். புரோகிராம் இரண்டு வழியாகவும் வெளியே போய், அந்தப் புரோகிராமை நம்பி லாரி அனுப்பும் பார்சல் கம்பெனியின் ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு லாரி வந்து நின்றது.

"இன்னா மேடம், பூந்தமல்லி ரோட்டுல ஏற்கெனவே மெட்ரோவுக்குத் தோண்டிகினு கீறாங்க. நம்ம லாரியும் நின்னா நான் எப்டி ஊடு போய்ச் சேர்றது?" என்றான் கோகுல்நாத்.

"சிரிக்காதடா."

"சிரிக்கல மேடம். அழுதுகினு கீறேன்."

இரண்டையும் மேய்க்க மூன்றாவதாக ஒன்றை மாட்டினாள். அது முதல் இரண்டையும் வைரஸ் என்று நினைத்துப் பூட்டிவிட்டது. வெளியே அடைமழை. உள்ளே ஆளாளுக்குப் பூட்டைத் திறக்கப் பதறிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீநாத் மட்டும் பதறவே இல்லை.

"அவசரமில்லைம்மா. இன்னும் நாலு பாருங்க."

நாலைக் காட்டினாள்; நாலிலும் ஏதோ ஒரு குறை கண்டார்.

"எதைக் காட்டினாலும் குறை சொல்றீங்களே சார்! முதல்ல காட்டினதுல என்ன குறை?"

"அந்த நீலக் கலர் கண்ணை உறுத்துது."

நீலக் கலராம்! தன்னை மட்டம் தட்டத்தான் இழுத்தடிக்கிறார் என்று எழிலரசிக்கு உறுதியாகிவிட்டது. அந்த நீலத்தையே முடிவு செய்து, அவரைக் கேட்காமல் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு மெயில் தட்டினாள். மதியமே ஒப்புதல் வந்தது. எல்லோருக்கும் சமோசா வாங்கினாள்.

சமோசா ஆறுவதற்குள் எச்.ஆர். கனிமொழி கலங்கிய கண்ணோடு வந்து, ஆறு கவர்களை மேசைமேல் வைத்தாள்.

"ஏன்க்கா முடிவு பண்ணீங்க? பிளாட்ஃபார்ம் முடிவாகிற வரைக்கும் உங்க ஆறு பேரையும் வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு சார்தானே யார்கிட்டயும் சொல்லாம பெங்களூர்ல கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்!"

ஸ்ரீநாத் கடிக்காத சமோசாவைத் தட்டில் வைத்தார். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.